ஐஸ் ரோட்டுல சைக்கிள்: எல்லாமே முன் வீல் விஷயம்

பனிக்காலத்துல சைக்கிள எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்க மொதல்ல கேக்கறது குளிரப் பத்திதான். எந்த ஜாக்கெட், எந்த கிளவுஸ், காது உறைஞ்சிடாதா, இப்படி. குளிருக்கு துணி இருக்கு, போட்டா தீர்ந்துச்சு, அதுல பெருசா சொல்ல எதுவும் இல்ல. ரோட்டுல கெடக்குற ஐஸுக்குத்தான் கொஞ்சம் புரிதல் வேணும். நடக்கும்போது கால் வழுக்கினா ரெண்டு எட்டு தடுமாறி நின்னுடறோம், காரு வழுக்கினா கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டுப் போயி நிக்குது, ஆனா சைக்கிள் வழுக்கினா என்ன நடந்துச்சுன்னு தெரியறதுக்குள்ள தரையில கெடக்கறோம். ஏன் சைக்கிளுக்கு மட்டும் இப்படின்னு புரிஞ்சிட்டா, டயர் எது வாங்கறது, பிரேக் எப்படி புடிக்கறது எல்லாத்துக்கும் பதில் உங்களுக்கே தெரிஞ்சிடும், அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓடுற சைக்கிள் விழாம நிக்கறதுக்கு காரணம் வீல் சுத்துறதுதான்னு, அதாவது பம்பரம் மாதிரின்னு, நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. அது கொஞ்சம் உதவுது, ஆனா அது இல்லாமலும் சைக்கிள் நிக்கும். 2011-ல நெதர்லாந்தோட டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சோதனை வண்டி செஞ்சாங்க, அதுல வீல் சுத்தறதோட விளைவ எதிர்ப்பக்கமா சுத்துற இன்னொரு ஜோடி வீல வச்சு கேன்சல் பண்ணிட்டாங்க, அப்பவும் தள்ளிவிட்டா ஆளே இல்லாம நேரா ஓடுச்சு. உண்மையில நடக்கறது என்னன்னா, வண்டி இடது பக்கம் சாய ஆரம்பிச்சா ஹேண்டில் லேசா இடது பக்கம் திரும்புது, முன் வீல் இடது பக்கமா ஓடி வந்து உங்க எடைக்கு கீழ மறுபடி நின்னுக்குது. அப்புறம் வலது பக்கம் சாயும், அதே கதை. ஓட்டுற நேரம் முழுக்க இது நடந்துட்டே இருக்கு, நமக்குத் தெரியறதில்ல, அவ்ளோதான். புதுசா ஓட்டக் கத்துக்கறவங்க ஹேண்டில் ஆடிக்கிட்டே போறத பாருங்க, இதே வேலையத்தான் அவங்க பெருசா பண்றாங்க.

இப்ப கேள்வி, முன் வீல் இடது பக்கமா ஓடி வரணும்னா அத பக்கவாட்டுல தள்ளறது யாரு? ரோடுதான். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற கிரிப் தான். ஐஸ்ல அந்த கிரிப் போயிடுச்சுன்னா நீங்க ஹேண்டில எவ்ளோ திருப்பினாலும் வீல் திரும்புமே தவிர வண்டி திரும்பாது, சாயறத நிறுத்த வழியே இல்ல, ஒரு நொடி கூட ஆகாது கீழ விழ. பின் வீல் வழுக்கறது அப்படி இல்ல. பின்னாடி வால் ஆட்டும், பயமாத்தான் இருக்கும், ஆனா முன் வீல் இன்னும் ரோட்ட புடிச்சிட்டு இருக்கறதால பேலன்ஸ் பண்ற வேலை நடந்துட்டே இருக்கும், பெரும்பாலும் தப்பிச்சிடலாம். அதனால ஐஸ்ல சைக்கிள் ஓட்டறதுன்னா முன் டயரோட பக்கவாட்டு கிரிப்ப காப்பாத்தறது. கீழ சொல்றது எல்லாமே இதுக்காகத்தான்.

கிரிப் எவ்ளோ கொறையுதுன்னு கொஞ்சம் நம்பர் பார்த்துடலாம், கணக்குன்னா ஓடாதீங்க, சின்ன கணக்குதான். ஃப்ரிக்‌ஷன ஒரு நம்பரா சொல்வாங்க, காய்ஞ்ச தார் ரோட்டுல அது சுமாரா 0.7, 0.8 இருக்கும், ஈர ரோட்டுல 0.5 பக்கம், நல்லா அழுந்திப்போன பனியில 0.2, 0.3, வெறும் ஐஸ்ல 0.1, ஐஸுக்கு மேல தண்ணி நின்னா அதுக்கும் கீழ. 0.1ன்னா என்ன அர்த்தம்? நீங்களும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, அதுல முன் வீல் மேல ஒரு 40 கிலோ இறங்குதுன்னு வச்சுக்கோங்க, பக்கவாட்டுல வெறும் 4 கிலோ எடை அளவுக்கு ஒரு தள்ளு போதும், முன் வீல் போயிடும். காய்ஞ்ச ரோட்டுல அதே வீல வழுக்க வைக்க 30 கிலோ வேணும்.

திருப்பத்துக்கு இத வச்சுப் பாருங்க. 10 மீட்டர் ஆரம் உள்ள ஒரு சாதாரண தெருமுனை, 15 கிமீ வேகத்துல திரும்பறீங்க, அதுக்கு ஃப்ரிக்‌ஷன் சுமார் 0.18 வேணும். ஐஸ்ல இருக்கறதே 0.1, அப்ப கண்டிப்பா விழுவீங்க, திறமைக்கெல்லாம் அங்க வேலையே இல்ல. அதே முனைய 10 கிமீ வேகத்துல திரும்பினா 0.08 போதும், மயிரிழையில தப்பிக்கலாம். வேகத்த பாதியாக்கினா தேவை கால்வாசியா கொறையும், வேகத்தோட வர்க்கத்துல போற கணக்கு இது. பிரேக்குக்கும் அதே மாதிரி, 15 கிமீ வேகத்துல காய்ஞ்ச ரோட்டுல ரெண்டு மீட்டருக்குள்ள நிக்கற வண்டி ஐஸ்ல கிட்டத்தட்ட 9 மீட்டர் எடுத்துக்கும், 20 கிமீ வேகம்னா 16 மீட்டர் பக்கம். இதுவும் வீல் சுத்தறது நின்னு லாக் ஆகாம, ரெண்டு பிரேக்கையும் பக்குவமா புடிச்சா மட்டும்தான், பின் பிரேக் மட்டும்னா இன்னும் அதிகமாகும்.

இன்னொரு விஷயம், புதுசா ஓட்டறவங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம், பிரேக்குக்கு தனி கிரிப், திருப்பத்துக்கு தனி கிரிப்புன்னு கெடையாது. இருக்கறது ஒரே கிரிப்தான், கையில இருக்குற காசு மாதிரி, பிரேக்குல செலவு பண்ணா திருப்பத்துக்கு கொறையும், பெடல அழுத்தறதுல செலவு பண்ணாலும் கொறையும். காய்ஞ்ச ரோட்டுல நாம பெரிய பணக்காரங்க, அதனால திரும்பிக்கிட்டே பிரேக் புடிக்கறோம், குழியப் பார்த்து சட்டுனு ஒடிக்கறோம், ஒண்ணும் ஆகறதில்ல. ஐஸ்ல ஒரு நேரத்துல ஒரு வேலைதான். பிரேக் புடிக்கணுமா, நேரா போகும்போதே, திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே புடிச்சு முடிச்சிடணும். திரும்பும்போது பிரேக்கும் இல்ல, பெடலும் இல்ல, சும்மா உருண்டு போகணும், முனைய முடிஞ்ச அளவு அகலமா சுத்தி எடுக்கணும்.

முன் பிரேக்க ஐஸ்ல தொடவே தொடாதீங்க. காய்ஞ்ச ரோட்டுல முன் பிரேக் தான் ராஜா, ஏன்னா பிரேக் புடிக்கும்போது எடையெல்லாம் முன்னாடி சாயும். ஐஸ்ல அவ்ளோ வேகமா வேகம் கொறையறதே இல்ல, எடையும் முன்னாடி வராது, அதனால முன் பிரேக்குக்கு அங்க அந்த ராஜா பவர் இல்ல, அது லாக் ஆச்சுன்னா சறுக்கற டயருக்கு பக்கவாட்டு கிரிப் மொத்தமா போயிடும். பின் பிரேக்க லேசா புடிங்க, வால் ஆட்டினா விட்டுட்டு மறுபடி புடிங்க.

சரி, ஐஸ் ஏன் இவ்ளோ வழுக்குது? நம்ம எடையோட அழுத்தத்துல ஐஸ் உருகி தண்ணியாகுது, அதனால வழுக்குதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அது பத்தாது, ஸ்கேட்டிங் பிளேடோட அழுத்தத்துலயே உருகுநிலை சில டிகிரிதான் கீழ இறங்கும், ஆனா மைனஸ் 20 டிகிரியிலயும் ஸ்கேட்டிங் பண்றாங்களே. ஐஸோட மேற்பரப்புல இருக்குற மூலக்கூறுகளுக்கு மேல புடிச்சுக்க ஆளில்ல, அதனால உறைநிலைக்கு கீழயே அங்க ஒரு மெல்லிசான, பாதி தண்ணி மாதிரி ஆடிக்கிட்டு இருக்குற படலம் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1850 வாக்குலயே இத யூகிச்சார், ரெண்டு ஐஸ் துண்ட ஒட்டி வச்சா சேர்ந்து உறைஞ்சிடுதே, அப்ப மேல தண்ணி மாதிரி ஏதோ இருக்கணும்னு. அதுக்கு மேல, டயர் தேயற சூட்டுலயும் கொஞ்சம் உருகும். நமக்கு இதுல உபயோகமான சங்கதி ஒண்ணுதான், ஜீரோ டிகிரிய ஒட்டி இருக்குற ஐஸ்தான் ரப்பர் டயருக்கு மோசம், மைனஸ் 15, 20ன்னு போகப் போக ஐஸ் காய்ஞ்சு, கொஞ்சம் புடிமானமா ஆகிடும். கடுங்குளிர் நாள பார்த்து பயப்படறவங்க, "இன்னைக்கு பரவால்ல, ஜீரோதான்"னு கெளம்பறது தலைகீழ் கணக்கு.

அந்த ஜீரோவ கூட நம்ப முடியாது. போன்ல காட்டற வெப்பநிலை தரைக்கு மேல ஒன்றரை ரெண்டு மீட்டர் ஒசரத்துல அளந்த காத்தோட வெப்பநிலை, ரோட்டோடது இல்ல. மேகமே இல்லாத ராத்திரியில ரோடு தன் சூட்ட நேரா வானத்துக்கு விட்டுடும், காத்து ப்ளஸ் 2, ப்ளஸ் 3 டிகிரி இருக்கும்போதே ரோடு உறைஞ்சு கெடக்கலாம். காலையில வெய்யில் பளிச்சுனு அடிக்குது, வானம் நீலமா இருக்குன்னு சந்தோஷமா எறங்குவோம், அன்னிக்குத்தான் கவனமா இருக்கணும்.

பிளாக் ஐஸ்னு ஒண்ணு சொல்வாங்களே, அது கருப்பா இருக்காது, மெல்லிசா கண்ணாடி மாதிரி இருக்கறதால அடியில உள்ள தார் அப்படியே தெரியுது. பார்க்க ஈர ரோடு மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, முன்னாடி போற காரோட டயர பாருங்க, ரோடு ஈரமா பளபளக்குது ஆனா டயர்லேருந்து தண்ணி தெறிக்கல, சத்தமும் திடீர்னு அடங்கிடுச்சுன்னா அது தண்ணி இல்ல, ஐஸ். பாலங்க மொதல்ல உறையும், ஏன்னா மேலயும் கீழயும் காத்து, அடியில சூடு குடுக்க மண்ணு இல்ல. மரநிழல், கட்டடத்தோட வடக்குப் பக்க நிழல், கூரைத் தண்ணி சொட்டற எடம், அப்புறம் ரோட்டோரமா ஒதுக்கி வச்ச பனிக்குவியல். இந்தக் கடைசி ஆளத்தான் யாரும் சந்தேகப்படறதில்ல. பகல்ல குவியல் உருகி ரோட்டு குறுக்க ஓடும், சாயங்காலம் வெய்யில் போனதும் அப்படியே உறைஞ்சிடும், காலையில நல்லா இருந்த அதே வழி சாயங்காலம் வேற வழியா ஆகிடும்.

உப்பு போட்டிருக்காங்களேன்னு கேப்பீங்க. உப்புத்தண்ணி, சரியான அளவுல கலந்தா, மைனஸ் 21 டிகிரி வரைக்கும் உறையாது, ஆனா ரோட்டுல அப்படி பக்குவமா கலக்கறதில்ல, மைனஸ் 10க்கு கீழ போனா சாதாரண உப்பு வேலை செய்யறது ரொம்ப மந்தமாகிடும். கார் ரோட்டுல டயருங்க மிதிச்சு மிதிச்சு உப்பும் பனியும் கலந்துடும், சைக்கிள் பாதையில அந்த மிதி கிடையாது. அதனாலதான் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் மாதிரி ஊர்கள்ல சைக்கிள் பாதைய மொதல்ல பெரிய பிரஷ் வண்டியால கூட்டிட்டு, மிச்சத்துக்கு உப்புத்தண்ணி தெளிக்கறாங்க. ஃபின்லாந்தோட ஔலு நகரத்துல நேர் எதிர், அங்க குளிர் அதிகம், பனிய முழுசா எடுக்காம சமமா அழுத்தி வச்சு மேல பொடிக்கல்லு தூவறாங்க, அழுந்தின பனியில 0.2, 0.3 கிரிப் கெடைக்குதே, அது சைக்கிளுக்கு தாராளம். பனிக்கால சைக்கிளுக்குன்னே நடக்குற சர்வதேச மாநாடு 2013-ல அந்த ஊர்லதான் தொடங்குச்சு.

அப்போ பனி வேற, ஐஸ் வேறங்கறத மனசுல வச்சுக்கோங்க. புதுசா விழுந்த பனி அரை ஜாண் வரைக்கும் சுகமாவே ஓட்டலாம், வேகம்தான் வராது. அழுந்தின பனி நல்ல ரோடு. என்னை கேட்டா எல்லாத்துலயும் மோசம் வெறும் ஐஸ் கூட இல்ல, கார் டயர் போன தடம் அப்படியே கல்லா உறைஞ்சு போன பள்ளம். ஏன்னு இப்ப நீங்களே சொல்லிடுவீங்க, முன் வீல் பள்ளத்துக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா பக்கவாட்டுல நகர முடியாது, நகர முடியலன்னா பேலன்ஸ் இல்ல. அதுலேருந்து வெளிய வரணும்னு சாய்வா ஏறப் பார்த்தா டயர் பள்ளத்து சுவர்ல ஒரசி சறுக்கும். உள்ள மாட்டினா நேரா போய் அது முடியற எடத்துல வெளிய வாங்க, இல்லன்னா நிறுத்தி இறங்கி தூக்கி வச்சுக்கோங்க, அவமானம் எல்லாம் ஒண்ணும் இல்ல. குறுக்க தாண்டணும்னா முடிஞ்ச அளவு நேர்க்குத்தா தாண்டுங்க, ட்ராம் தண்டவாளத்துக்கும் இதே முறைதான்.

ஓட்டிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு ஐஸ் மேல வந்துட்டா செய்ய வேண்டியது, ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான். பிரேக் வேணாம், ஹேண்டில ஒடிக்க வேணாம், பெடல நிறுத்திட்டு கைய தளர்த்தி, பார்வைய ஐஸ் முடியற எடத்துல வச்சு உருண்டு போங்க. பயத்துல கைய இறுக்கிப் புடிச்சா முன் வீல் பண்ற அந்த குட்டிக் குட்டி திருத்தமெல்லாம் நின்னுபோகும், அப்புறம் சின்னதா சாஞ்சாலும் மீள முடியாது. சொல்றது சுலபம்னு தெரியும், காலியான மைதானத்துலயோ பார்க்கிங்லயோ பழகிப் பார்க்கறது நல்லது. மேட்டுல ஏறும்போது சீட்டுலேருந்து எழுந்து நின்னு மிதிக்காதீங்க, பின் வீல் மேல எடை கொறைஞ்சு சும்மா சுத்தும், சின்ன கியர்ல உக்காந்தே ஒரே சீரா மிதிங்க.

இப்ப டயர். ஐஸ் இருக்குற ஊர்ல தினமும் ஓட்டப் போறீங்கன்னா ஸ்டட் டயர் வாங்கிடுங்க, மத்த எதுக்கு செலவு பண்றதையும் அப்புறம் பார்த்துக்கலாம். டயர் ரப்பருக்குள்ள சின்னச் சின்ன உலோக ஆணி பதிச்சிருக்கும், அது ஐஸுக்குள்ள குத்தி புடிச்சுக்கும், ரப்பர் மேல மெதக்கற கதையே இல்ல. ஆணி முனை டங்ஸ்டன் கார்பைடா இருக்கணும், சாதா இரும்பு ஆணி விலை கம்மி ஆனா தார் ரோட்டுல சீக்கிரம் மழுங்கிடும். ஃபின்லாந்துக்காரங்க நோக்கியன் பேர்ல விட்ட டயருங்க டபிள்யூ106, டபிள்யூ240ன்னு வரும், அந்த நம்பர்தான் ஆணியோட எண்ணிக்கை. 106ல ரெண்டு வரிசை, எப்பவாவது ஐஸ் வர்ற வழிக்கு போதும், 240ல நாலு வரிசை, ஓரத்துலயும் ஆணி இருக்கறதால திரும்பும்போதும், பள்ளத்துச் சுவர்ல ஏறும்போதும் புடிக்கும். புது ஸ்டட் டயர போட்டதும் மொத அம்பது கிலோமீட்டர் வெறும் தார் ரோட்டுல மெதுவா, முறுக்காம, சட்டுனு பிரேக் புடிக்காம ஓட்டணும், அப்பதான் ஆணி குழியில நல்லா உக்காரும், இல்லன்னா ஒவ்வொண்ணா உதிர்ந்துடும். காய்ஞ்ச ரோட்டுல கரகரன்னு சத்தம் போடும், வண்டி இழுவையா இருக்கும், பழகிடும்.

காசு பத்தலன்னா ஒரே ஒரு ஸ்டட் டயர் வாங்குங்க. எந்த வீலுக்குன்னு இனிமே நான் சொல்ல வேண்டியதில்ல. பொதுவா நாம பின்னாடி டயருக்குத்தான் நல்லதா போடுவோம், அதுதான் சீக்கிரம் தேயும்னு, இங்க அந்த பழக்கம் ஆகாது. இதே காரணத்துக்காக முன் வீல்ல மோட்டார் வச்ச இ-சைக்கிள் ஐஸுக்கு நல்லதில்ல, மோட்டார் இழுக்கற இழுப்பு முன் டயரோட கிரிப்பத் திங்கும், அப்படி வண்டி வச்சிருந்தா வழுக்கற எடத்துல மோட்டார ஆஃப் பண்ணிடுங்க.

அகல டயர், ஃபேட் பைக்கெல்லாம் பனி மேல மெதக்கறதுக்கு பிரமாதம், வெறும் ஐஸ்ல அகலம் மட்டும் காப்பாத்தாது, அதுலயும் ஸ்டட் வேணும். கேபிள் டை, அதாவது ஒயர் கட்டற பிளாஸ்டிக் பட்டை, வாங்கி டயர சுத்தி கட்டற வித்தை ஒண்ணு இருக்கு, டிஸ்க் பிரேக் வண்டிக்கு மட்டும்தான் ஆகும், வீல் விளிம்ப அழுத்திப் புடிக்கற ரிம் பிரேக்ல போய் மாட்டும், தார் ரோட்டுல சீக்கிரம் அறுந்துடும், அவசரத்துக்கு ஒரு நாள் ஓகே.

காத்தழுத்தத்த கொஞ்சம் கொறைச்சு வைங்க, டயர் ரோட்டுல அதிகமா படியும், ஸ்டட்டும் நெறைய தொடும். ஆனா கொறைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்துடுங்க, ஏன்னா குளிர் ஏற்கனவே கொறைச்சிருக்கும். வீட்டுக்குள்ள 20 டிகிரியில 4 பார் அடிச்ச டயர் வெளிய மைனஸ் 10ல சுமார் 3.5 பாருக்கு இறங்கிடும்.

சீட்ட ரெண்டு மூணு சென்டிமீட்டர் இறக்குங்க, ரெண்டு காலும் சட்டுனு தரையில படணும். காலை மாட்டிக்கற க்ளிப் பெடல எடுத்துட்டு தட்டையான பெடல் போடுங்க. விழற மாதிரி ஆச்சுன்னா கைய நீட்டி ஊனாதீங்க, மணிக்கட்டு எலும்பு முறியறது பெரும்பாலும் இப்படித்தான், ஹேண்டில விடாம தோளும் இடுப்பும் பக்கவாட்டுல படற மாதிரி சரிஞ்சு விழறது மேல். ஹெல்மெட் போடுங்க, லைட்டு முன்னாடியும் பின்னாடியும் எரியட்டும், பனிக்காலத்துல இருட்டுதான் அதிகம். துணி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, கெளம்பும்போது லேசா குளிரணும், அப்பவே கதகதன்னு இருந்தா பத்து நிமிஷத்துல வேர்த்துடுவீங்க, வேர்வைதான் அப்புறம் குளிர வைக்கும். கைக்கு மட்டும் காசு பார்க்காதீங்க, வெரல் மரத்துப் போனா பிரேக்க லேசா புடிக்கற பக்குவமே போயிடும்.

ஸ்டட் இருக்கு, எல்லாம் இருக்கு, அப்பவும் போகக் கூடாத நாள் உண்டு. மழை விழுந்து தரையில பட்டதும் ஐஸா உறையற நாள். ரோடு முழுக்க ஒரே கண்ணாடி, நீங்க விழாட்டியும் பின்னாடி வர்ற காரு நிக்காது, உங்க முன் வீல் நல்லா புடிச்சிட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல. அன்னிக்கு பஸ்ல போங்க.

வண்டிய பார்த்துக்கறதப் பத்தி கடைசியா கொஞ்சம். உப்பு செயின ஒரே சீசன்ல தின்னுடும், வாரம் ஒரு தடவையாவது தொடச்சு எண்ணெய் விடுங்க. பிரேக், கியர் கேபிளுக்குள்ள போன தண்ணி உறைஞ்சா லீவர் அசையாது, ரிம் பிரேக் வண்டின்னா ரிம் மேல ஐஸ் படிஞ்சு மொத சில சுத்து பிரேக்கே புடிக்காது, கெளம்பின உடனே ஒரு தடவை புடிச்சுப் பார்த்துக்கோங்க. ரொம்ப குளிர்ல, பின் வீல்ல சங்கிலி இழுக்கற ஃப்ரீவீல் உள்ள இருக்குற கிரீஸ் கெட்டியாகி பெடல் சும்மா முன்னாடி சுத்தும், சங்கிலி இழுக்காது, அதுக்கு குளிருக்கான இளகின கிரீஸ மெக்கானிக்கிட்ட சொல்லி பனிக்காலத்துக்கு முன்னாடியே மாத்திடணும். வெளிய உறைஞ்சு கெடந்த வண்டிய சூடான அறைக்குள்ள கொண்டு வந்து பாதி உருகினதும் மறுபடி வெளிய எடுத்துட்டுப் போனா அந்தத் தண்ணி எல்லாம் போகக்கூடாத எடத்துக்குப் போய் உறையும், அதனால ஒண்ணு வெளியவே வைங்க, இல்ல உள்ள வச்சு முழுசா காய விடுங்க. இ-சைக்கிள் பேட்டரிய மட்டும் கழட்டி உள்ள கொண்டு வந்துடுங்க, குளிர்ல தூரம் கொறையறது சரியாகிடும், ஆனா ஜீரோவுக்கு கீழ இருக்கும்போதே லித்தியம் பேட்டரிய சார்ஜ் போட்டா உள்ள நிரந்தரமா கெட்டுப்போகும், கொஞ்ச நேரம் அறை சூட்டுல வச்சுட்டு அப்புறம் போடுங்க.